ஒரு புகார் வேண்டும்

புகார்ப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நான்கு தட்டு தட்டினார் மேனேஜர். ஒரு பல்லி முட்டை விழுந்தது. சீட்டு ஒன்றுகூட விழவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? யாருக்கும் ஒரு குறையும் இல்ல!" முகமெல்லாம் பல்லாக நின்றார்.

முதியோர் இல்லத்தை ஆய்வு செய்ய வந்திருந்த அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை.

"முப்பத்திரண்டு பெரியவங்க. நாலு மாசம். ஒரு புகார்கூட இல்லையா? எங்க வீட்டுல மாமனார் ஒருத்தர்தான். காலையில பல்லு விளக்குறதுக்குள்ள நாலு புகார் வந்துடும்."

"அது வந்து மேடம்..."

"புகார் வரலைன்னா பயந்து கிடக்கிறாங்கன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை வருவேன். அவங்களா எழுதின புகார் ஒண்ணாவது பெட்டியில இருக்கணும். எழுதுங்கன்னு நீங்க கேட்கக் கூடாது. நீங்களே எழுதிப் போட்டுடலாம்னும் நினைக்காதீங்க, எழுதினவங்களைக் கூப்பிட்டு விசாரிப்பேன். இல்லைன்னா உங்களை மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடிக்கு அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் போனார்.

பணி மாற்றம் மேனேஜருக்குப் புதிதல்ல. ஆறு வருடத்தில் ஐந்து ஊர் பார்த்தாகிவிட்டது. "இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்க, உங்களையும் அங்கேயே ஒரு கட்டில்ல சேர்த்துட்டு நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று மனைவி போன தடவையே சொல்லிவிட்டாள். அதுகூடப் பெரிதில்லை. இந்த முப்பத்திரண்டு பேரும் வாய் நிறையத் 'தம்பி, தம்பி' என்று கூப்பிடுவது அவருக்குப் பழகிவிட்டது. விட்டுப் போக மனம் வரவில்லை.

வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இல்லவாசிகளின் அன்றாட வாழ்க்கை விதிகள் தொங்கின. மொத்தம் பன்னிரண்டு. ஒன்று விடாமல் காப்பாற்றியதுதான் தப்பு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றிரண்டை மீறினால் புகார் தன்னால் வந்துவிட்டுப் போகிறது!

விதி மூன்று: எழுந்திருக்கும் நேரம் அவரவர் விருப்பம்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குத் தட்டும் கரண்டியுமாக நடைவழியில் ஓசை கிளப்பிக்கொண்டு போனார். கதவுகள் திறந்தன. முதலில் வெளியே வந்தவர் ஜட்ஜம்மா. கோர்ட் வாசலை மிதித்ததில்லை என்றாலும் உலகத்தில் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருப்பதால் அந்தப் பெயர். கண் இரண்டும் சிவந்திருந்தன. பல்செட்டை இன்னும் மாட்டவில்லை. மேனேஜர் ஆவலோடு காத்திருந்தார்.

"விடியக்காலைக் காத்து என்ன சுகமா இருக்கு! இவ்வளவு நாளும் தூங்கியே கெட்டுப்போனோம். நல்ல காரியம் பண்ணீங்க தம்பி!"

பின்னால் இருந்த அத்தனை தலைகளும் ஆடின. கோபப்பட்டது இரவுப் பணி நர்ஸ் மட்டும்தான்.

"சார், இப்பதான் ஒவ்வொருத்தரையா தூங்க வச்சேன். உங்களுக்கே நல்லா இருக்கா?"

"நீங்களாவது ஒரு புகார் எழுதுங்களேன்," என்றார் மேனேஜர் நப்பாசையோடு.

"ஊழியர் புகாருக்கு வேற பெட்டி சார்."

விதி எட்டு: தொலைக்காட்சியில் என்ன பார்ப்பது என்பதை இல்லவாசிகளே முடிவு செய்வர்.

புதன்கிழமை ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிமெண்ட் கலவை தயாரிப்பது எப்படி என்ற நிகழ்ச்சியை வைத்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நோட்டுப் புத்தகம் எடுத்துவந்து குறிப்பெடுத்தார். துணிக்கடைக்காரர் கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "நாளைக்கும் இதையே வைங்க தம்பி. ஜல்லி எவ்வளவு போடணும்னு சொல்றதுக்குள்ள முடிச்சிட்டான்," என்றார்.

மேனேஜருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இனி இருப்பது வயிறு ஒன்றுதான். மனிதன் எதைப் பொறுத்தாலும் சாப்பாட்டில் கைவைத்தால் பொறுக்க மாட்டான்.

வியாழக்கிழமை சமையல்காரரைத் தனியே அழைத்தார். "சூப்புல மூணு கை உப்பு கூடப் போடுங்க. ரத்தக்கொதிப்பு இருக்கிற பதினோரு பேருக்கு மட்டும் தனிப் பாத்திரத்துல வழக்கம்போல வைங்க. மத்தவங்களுக்கும் இன்னிக்கு மதியமும் நாளைக்கு மதியமும்தான்."

"சார், கடல்லகூட இவ்வளவு உப்பு இருக்காது! முப்பது வருஷமா கட்டிக் காத்த பேரு சார். இருபத்தோரு பேரும் கரண்டியைப் பிடுங்கி என்னையே சாத்துவாங்க."

"சாத்தினா இன்னும் நல்லது. அதையும் எழுதித்தானே ஆகணும்?"

மதியம் சூப் பரிமாறப்பட்டது. முதல் வாய் உள்ளே போனதும் தலைமையாசிரியரின் கண்ணில் நீர் கோத்தது. "ஆனந்தக் கண்ணீர் தம்பி," என்று துடைத்துக்கொண்டார். மூலை மேஜைத் தையல்காரர், "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கிண்ணத்தை நீட்டினார். சமையல்காரர் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினார்.

ஆனால் அன்று சாயங்காலம் ஓர் அதிசயம் நடந்தது. தலைமையாசிரியர் சக்கர நாற்காலியில் வந்து, கை நிறையச் சீட்டுகளைப் பெட்டிக்குள் திணித்துவிட்டுப் போனார். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த மேனேஜருக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. உப்பு வேலை செய்துவிட்டது!

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மாள் முத்திரையை உடைத்தார். சீட்டுகள் பொலபொலவென்று கொட்டின. ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார்.

"எங்கள் மேனேஜர் தங்கமான மனிதர். சூப் பிரமாதம்." அடுத்தது: "அதிகாலையில் எழுப்புகிறார். ஆயுசு கூடுகிறது." மூன்றாவது: "சிமெண்ட் பற்றித் தெரிந்துகொண்டோம்."

இருபத்தோரு சீட்டிலும் பாராட்டு. இருபத்தொன்றும் ஒரே கையெழுத்து. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"ஒருத்தரை உட்கார வச்சு எல்லாத்தையும் எழுத வச்சீங்களா?" அதிகாரி அம்மாளின் புருவம் நெற்றியின் பாதிக்குப் போயிருந்தது. "சரி, அந்தப் பிரமாதமான சூப்பை நானும் பார்க்கிறேன்."

மேனேஜர் தடுப்பதற்குள் உணவுக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நேற்றைய பாத்திரத்துக்குச் சற்றும் குறையாத உப்போடு சூப் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் எட்டுக் கோணலாகியது. சுற்றிலும் இருந்தவர்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அமிர்தம்!" என்றது கூடம் ஒரே குரலில்.

அதிகாரி அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "இதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு மிரட்டி வச்சிருக்கீங்க, இல்ல? திங்கட்கிழமை புது மேனேஜர் வருவார்."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

மேனேஜர் காகிதத்தோடு கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

"என்னை மாத்திட்டாங்க," என்றார்.

ஜட்ஜம்மா கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. "எதுக்கு தம்பி?"

"நீங்க யாரும் என்மேல புகார் எழுதலையாம். அதுக்குத்தான்."

மூலை மேஜைத் தையல்காரர் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் மடமடவென்று குடித்தார்.

"அடப் பாவமே! போன மேனேஜர் மேல டீ ஆறிப்போச்சுன்னு ஒரே ஒரு சீட்டு எழுதிப் போட்டோம், மறுநாளே தூக்கிட்டாங்க. உங்களையாவது காப்பாத்தணும்னுதானே தம்பி, ரெண்டு நாளா இந்த உப்புத்தண்ணிய நாங்க முழுங்கிட்டு இருக்கோம்!"