நல்லெண்ண வாத்தியார்

இவரை உங்களுக்குத் தெரியும். அடிக்கமாட்டார், பிரம்பைத் தொட்டதே இல்லை என்று மார்தட்டுவார். எதற்குப் பிரம்பு? வாய் இருக்கிறதே! மாணவர்களின் நலனுக்காகவே அவர்களை அவமானப்படுத்துகிற இந்த நல்லெண்ண வாத்தியார் வகையில், நான் அறிந்தவர் ஒரு கணக்கு சார்.

ஒன்பதாம் வகுப்பில் முதல் வாரம் முடிவதற்குள் நாற்பத்திரண்டு பேருக்கும் பட்டப்பெயர் வைத்துவிடுவார். மூன்றாம் பெஞ்சில் கையைத் தூக்கிக்கொண்டே இருந்த பெண்ணுக்குக் கிடைத்தது ‘சந்தேக மகாராணி.’ ஒருநாள் அவள் எழுந்து கேட்டாள்:

“சார், மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருது?”

“மகாராணிக்கு விளக்கம் வேணுமாம்! எல்லாரும் எழுந்து நின்னு கும்பிடுங்க.”

வகுப்பு எழுந்தது, கும்பிட்டது, சிரித்து உருண்டது. சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றால் பாடம் சுவையாகப் போகிறது என்றுதானே பொருள்? அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கை மேலே வரவில்லை. “திருந்திட்டா,” என்றார் சார், ஆசிரியர் அறையில் டீயை உறிஞ்சியபடி.

திருந்தியவளுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் வயிறு வலித்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஒன்றுமில்லை என்றார். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தது அவளுடைய அம்மாதான். மூன்று நாளும் முதல் பீரியட் கணக்கு.

அம்மா பள்ளிக்கு வந்தாள்.

“வாங்கம்மா. பொண்ணு இப்போ ரொம்ப அமைதி,” என்றார் சார், பாராட்டை எதிர்பார்த்து.

“என்னை ஞாபகம் இருக்கா சார்? உங்க ஸ்டூடன்ட்தான். ‘மெழுகு பொம்மை’ன்னு கூப்பிடுவீங்க. தொட்டா அழுதுடுவேன்னு.”

சார் முகம் மலர்ந்தது. “அட, நீயா! இப்ப என்ன பண்றே?”

“லேப்ல இருக்கேன். ரத்தம் எடுக்கற வேலை.”

“பாத்தியா! அன்னைக்கு நான் அப்படிப் பேசினதாலதான் இன்னைக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்கே!”

“இல்ல சார். அடுத்த வருஷம் வந்த டீச்சராலதான். நான் போட்ட கணக்குக்குப் பக்கத்துல ‘இந்த வழியும் சரிதான்’னு எழுதினாங்க. அந்த நோட்டு இன்னும் வெச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்க பேச்சும் இருக்கு. பின்னாடி யாராவது நின்னு பாத்தா இப்பவும் கை நடுங்குது. ஊசி குத்தற கை சார் இது.”

“பெல் அடிக்கப் போகுதும்மா,” என்று சார் எழுந்துகொண்டார்.

மறுநாள் வகுப்பில் குரலைத் தேனில் தோய்த்து, “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றார். நாற்பத்திரண்டு தலைகள் மேசைக்குள் புதைந்தன. இத்தனை வருடம் அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே நிசப்தம். இன்று காதைக் குடைந்தது. சரி, தானே விளக்கிவிடலாம் என்று கரும்பலகையில் இரண்டு மைனஸ்களைப் போட்டார். நின்றார். சாக்பீஸ் நகரவில்லை. ஏன் பிளஸ் வருகிறது? முப்பது வருடமாக வரும் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்!

“நாளைக்குச் சொல்றேன்,” என்று இறங்கினார்.

மனிதர் மாறியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அம்மா கேட்டுக்கொண்டபடி அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு மாதம் கழித்து அவள் கை உயர்ந்தது, காது வரைக்கும்தான். அந்தப் பிரிவு டீச்சர் அதையே போதுமென்று எடுத்துக்கொண்டு, “சொல்லும்மா,” என்றார். நம் சாரோ ஆசிரியர் அறையில், “இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்கற சக்தியே இல்ல,” என்று தீர்ப்பளித்தார். கரும்பலகை முன் அவர் சொன்ன ‘நாளைக்கு’ அதற்குள் பள்ளி முழுக்கப் பரவியிருந்தது; அதே வாரம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, “ரிப்போர்ட் எப்போ தருவீங்க சார்? நாளைக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சார் மூன்று நாள் மருத்துவ விடுப்பு போட்டார்.

படிக்கும்போதே, ‘இதை இன்னாருக்கு அனுப்பணும்’ என்று ஒரு முகம் உங்களுக்குத் தோன்றியிருக்குமே? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ உங்களைவிடச் சின்னவர் யாராவது இதை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.