ஆட்சேபணை உள்ள வீட்டுக்காரி

ஆனைக்குட்டத்தில் இருக்கும் மச்சான் அய்யாதுரை அவர்களுக்கு அச்சங்குளம் கருப்பணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே வெயிலைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உங்கள் மூட்டுவலி தேவலையாகியிருக்கப் பத்திரகாளியம்மனை வேண்டுகிறேன். என் போனுக்கு ஓயாமல் ஓடிபி வருகிறதென்று மகள் மாரிசெல்வி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தக் காகிதம்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மருமகள் மாரிசெல்வி பட்டாசு கிஃப்ட் பெட்டி செய்யும் கம்பெனி தொடங்குகிறாள். சிவகாசிக்காரர் ஒருவர் சீசன் ஆர்டரைத் தருகிறேன், ஆனால் பதிவு செய்த கம்பெனிக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். இயக்குநர்கள் இருவர் வேண்டுமாம். ஒருத்தி அவள், இன்னொருவர் நான். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றியவனை இயக்குநர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள்ளேயே சட்டை போட்டுக்கொண்டு நடந்தேன். குலசாமி பெயரை வைக்கச் சொன்னேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே கம்பெனி இருக்கிறதென்று பதிவு ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். சாமிக்கு எத்தனை கம்பெனி மச்சான்! கடைசியில் அவளே ஒரு பெயர் வைத்தாள். எனக்கு வாயில் நுழையவில்லை, அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து டிஜிட்டல் கையெழுத்து. அதற்குப் பேனா கிடையாது, முகம்தான் வேண்டும். சாத்தூர் ஆடிட்டர் எழில், "போனைப் பாத்துப் பேரைச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டுங்க, அம்புட்டுத்தான்" என்றார். வீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று வாசலில் நின்று, "நான் கருப்பணன், முழுச் சம்மதத்தோட சொல்லுதேன்" என்று உரக்கச் சொல்லிச் சிமிட்டினேன். போன் ஏற்கவில்லை. இன்னும் பலமாகச் சிமிட்டினேன். எதிரே குழாயடியில் பாண்டிமீனா குடத்தோடு நின்றதைச் சத்தியமாக நான் பார்க்கவில்லை. அவள் நேராக உங்கள் தங்கச்சி குருவம்மாளிடம் போய், "மதினி, அண்ணனுக்குச் சம்மதமாம். எதுக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாளாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த பேப்பர் வந்தது. கம்பெனி விலாசம் நம் வீடு. வீடோ குருவம்மாள் பேரில். இங்கே கம்பெனி நடத்த ஆட்சேபணை இல்லை என்று வீட்டுக்காரி கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆட்சேபணை இல்லையா? எனக்கா? கல்யாணம் முடிச்ச நாள்லருந்து எம்புட்டு இருக்குன்னு தெரியுமாடி? ஈரத்துண்டைக் கட்டில்ல போடுறதுல ஆரம்பிச்சு எழுதவா? இந்த ஒரு பக்கம் பத்தாதே!"

"எம்மா, ஆர்டர் கைய விட்டுப் போயிரும்மா" என்று பிள்ளை அழுதேவிட்டாள்.

உங்கள் தங்கச்சி மசியவில்லை. "அப்ப என்னையும் இயக்குநராப் போடு. இவரு யாரைப் பாத்துக் கண்ணடிக்காருன்னு கம்பெனில ஒரு ஆள் பாக்கணும்லா?"

ஒரே வீட்டில் எனக்குச் சமமாக இன்னொரு இயக்குநரா? முடியவே முடியாது என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். ஆகவே மச்சான், உடனே பஸ் ஏறி வந்து தங்கச்சிக்குப் புத்தி சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் ராஜினாமா. அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
மனம் நொந்த
கருப்பணன்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. பிள்ளை முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அம்மாவையும் சேர்த்துக்கொள் என்று நானே சொன்னேன். இன்று கம்பெனி பதிவாகிவிட்டது. மூன்று இயக்குநர்கள். மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம்.

அண்ணே, நான் வாசிச்சுட்டுத்தான் ஒட்டுதேன். பஞ்சாயத்துக்கு வராதீக. வெள்ளிக்கிழமை கம்பெனிப் பூசைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க. நாலு நாள் இருக்க மாதிரி வாங்க, பெட்டி ஒட்ட ஆள் பத்தலை.
குருவம்மாள், இயக்குநர்