பொற்கொடிக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

என் மனைவி பரீட்சையில் தோற்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். அதற்கு இருப்பதிலேயே நல்ல வழியும் உடனே தோன்றியது. நானே அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது.

அதற்குள் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். லட்சுமணசாமி என்று போத்தனூரில் யாரைக் கேட்டாலும் சாதுவான ஆள் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கனவு காண்கிற ஆள் என்றும் சொல்வார்கள். அது உண்மைதான். எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். ஒரு ரயில் கூவினால் போதும், உடம்பு மட்டும் நாற்காலியில் இருக்கும், மனசு பாலக்காடு தாண்டிக் கடலோரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும். பொற்கொடி வந்து தோளைத் தொட்டு, இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று விசாரித்தால்தான் இறங்கி வருவேன்.

பொற்கொடி நர்ஸ். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஊசி போட்டால் போட்டதே தெரியாது. அவள் கூட வேலை பார்த்த சபுரா வெளிநாடு போய், பனியில் முழங்கால்வரை புதைந்து நின்று சிரிக்கிற போட்டோ ஒன்றை அனுப்பிவைத்தாள். வந்தது வினை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களாம். ஊர்ப் பெயரை நான் ஒரு மாதிரியும் பொற்கொடி ஒரு மாதிரியும் சொல்வோம். இரண்டுமே தப்பு என்று சபுரா எழுதியிருந்தாள். அங்கே போக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். நர்ஸ் வேலை சம்பந்தமான கேள்வியெல்லாம் பொற்கொடிக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுத்து, அதைப் படித்துவிட்டு நான்கு விடைகளில் சரியானதைக் குறிக்கச் சொல்வார்களே, அதுதான் அவளுக்குப் பயம்.

எனக்கு அவள் போவதில் துளியும் விருப்பமில்லை. அவள் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்காமல் என்னால் ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. அப்படியானால் போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்று தெரிகிறது. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் மாட்டேன், கூடாது என்று சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் "பேசிக்கலாமுங்க" என்போம், அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். கைமாற்றுக் கேட்டால் "பார்க்கலாமுங்க" என்போம், கேட்டவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். எல்லோருக்கும் எல்லாம் புரியும். ஆகவே பொற்கொடி பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டபோது நானும் முறைப்படி, "எழுது அம்மணி, பாக்கலாம்" என்றேன். இதைவிட அழுத்தமாக ஒரு புருஷன் மறுக்க முடியாது.

அவள் மறுநாளே பணம் கட்டிவிட்டாள்.

அதனால்தான் அந்தத் தீர்மானம். எனக்கு இங்கிலீஷில் நல்ல பெயர் உண்டு. பீளமேட்டில் மில் ஆபீசில் கடிதப் பிரிவு முழுக்க என் கையில்தான். ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று நான் இங்கிலீஷில் ஆரம்பித்தால் பம்பாய்க்காரன் எழுந்து நின்று படிப்பான். இத்தனை வருஷம் கடிதம் எழுதியதில் ஒரு பெரிய உண்மையையும் கண்டுபிடித்திருந்தேன். இங்கிலீஷ்காரனும் நம் ஊர்க்காரன்தான். ‘உங்கள் புகாரைக் கவனிக்கிறோம்’ என்று எழுதினால் கவனிக்கமாட்டான். ‘விரைவில் அனுப்புகிறோம்’ என்றால் சரக்கே இல்லை என்று அர்த்தம். பரீட்சை வைக்கிறவனுக்கோ எழுத்தில் இருப்பதுதான் விடை. இந்த ஞானத்தை அப்படியே பொற்கொடிக்கு இறக்கிவிட்டால் அவள் தேறுவது நடக்காத காரியம். எனக்கும் சொல்லிக்கொடுத்த புண்ணியம் கிடைக்கும்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னலைத் தள்ளித் திறந்து புத்தகத்தின் பக்கங்களைத் தானே புரட்டிக்கொண்டிருந்தது. பொற்கொடி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை விரித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து வாசித்தாள். வாசிக்கிற குரல் இருக்கிறதே, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் பத்தி ஒரு கலங்கரை விளக்கம் பற்றியது. காவல்காரன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து விளக்கைப் பார்த்துக்கொள்கிறான். அவள் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் நான் அந்தக் கோபுரத்தின் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். உப்புக் காற்று. கீழே அலை. மேலே போனால் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். காவல்காரன் திரும்பிப் பார்த்தான். ஆள் என் சாயலாக இருந்தான்.

"ஏனுங்க, காவல்காரன் ஏன் தூங்கலைன்னு கேட்டிருக்கு" என்றாள் பொற்கொடி.

சம்சாரம் ஊரில் இல்லை, தூக்கம் எப்படி வரும் என்றேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான்கு விடைகளில் அப்படி ஒன்று இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். எழுதியிருக்காது, நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினேன். அவள் தலையை ஆட்டி, "செரிங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் தேர் ஓடியது. இந்த வேகத்தில் போனால் பரீட்சையில் பூஜ்யத்துக்குக் கீழேயும் மார்க் போட இடம் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது ஒரு நகரசபை. பாலம் கட்டித்தரச் சொல்லி ஜனங்கள் மனுக் கொடுக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்போம் என்கிறது சபை. சபை என்ன செய்யும்? பாலம் கட்டாது என்று அடித்துச் சொன்னேன். பரிசீலிக்கும் என்றுதானே போட்டிருக்கிறது என்று பொற்கொடி சந்தேகம் கேட்டாள். நான் இரக்கத்தோடு சிரித்தேன். பரிசீலிக்கிறேன் என்று சொன்ன எவன் அம்மணி பாலம் கட்டியிருக்கிறான் என்றேன். அதற்கும் "செரிங்க" என்றாள்.

இப்படியே போயிற்று. திமிங்கலம் பற்றி ஒரு பத்தி. குளிர்க் கடலுக்கு இரை தேடிப் போய்விட்டு வெதுவெதுப்பான கடலுக்குத் திரும்பி வருமாம். ஏன் திரும்புகிறது என்று கேள்வி. நான் அப்போது தண்ணீருக்கு அடியில் நீல வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு பெரிய உருவம் வெள்ளை யூனிபாரம் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் ஒருத்தர் தனியாக இருக்கிறாரே என்ற கவலையில்தான் திரும்புகிறது என்று தண்ணீருக்கு அடியிலிருந்தே பதில் சொன்னேன்.

நடுவில் ஒரு நாள் எனக்கே பயம் வந்தது. நான் யோசித்துச் சொல்வது ஏதாவது தப்பித்தவறிச் சரியாகிவிட்டால்? அன்று ஒரு பத்திக்கு மட்டும் வேண்டுமென்றே தப்பான விடையாகப் பார்த்துச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தால் அத்தனையும் சரி. பொற்கொடி முதல் தடவையாகக் கவலைப்பட்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த விஷப்பரீட்சைக்கு நான் போகவில்லை.

தேர்வு மெட்ராஸில். நானே கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே எழுத, நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவள் தோற்று அழும்போது சொல்ல வேண்டிய ஆறுதலை ஒத்திகை பார்த்தேன். ‘போச்சாது விடு கண்ணு, நமக்குக் கோயமுத்தூருக்கு மேல என்ன இருக்குது’ என்று ஆரம்பித்து உருக்கமாக முடிகிற பேச்சு. சொல்லிப் பார்க்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாருக்கு என்ன என்று விசாரித்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மார்கழியில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். நர்ஸ் பாடத்தில் தேறியதை விட்டுத்தள்ளுங்கள், இங்கிலீஷ் பத்தியில் அதைவிட அதிக மார்க். மில்லில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாத்தியார் என்றார்கள். மேனேஜர் தன் பையனை என்னிடம் அனுப்பட்டுமா என்று கேட்டார். பார்க்கலாமுங்க என்றேன். அவருக்காவது புரிந்தது.

எனக்கு இருந்தது ஒரே நம்பிக்கை, மாமனார். காளிச்சாமி என்று பெயர். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். மகளைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்ததையே தூரம் என்று அழுதவர். அவர் பஸ்ஸில் எண்ணெய் டின்னோடு வந்து இறங்கினார். டம்ளர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மணி சீமைக்குப் போறதுல மாப்ளைக்குச் சம்மதந்தானுங்களே?"

பொற்கொடி சமையலறை நிலைப்படியில் நின்றாள். பெரியவர் முன்னால், அதுவும் பெண் கொடுத்தவர் முன்னால், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நான் என்னிடமிருந்த மரியாதை முழுவதையும் திரட்டினேன்.

"எனக்கென்னங்க மாமா. அவ இஷ்டமுங்க. தாராளமாப் போயிட்டு வரட்டுமுங்க."

இதற்கு மேல் ஒருவன் தரையில் விழுந்து புரண்டால்தான் உண்டு. மாமனாருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் தெளிந்தது. எண்ணெய் டின்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எனக்கு மனசுக்குள் மார்கழிக் காலை விடிந்தது. அப்போதுதான் நிலைப்படியிலிருந்து குரல் வந்தது.

"அப்பறம் என்னங்கப்பா? அவரே தாராளமாப் போகச் சொல்லிட்டாருங்க."

மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

அவரை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தேறினாய் என்று மட்டும் கேட்டேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"நீங்க சொல்லிக்குடுத்ததாலதானுங்க. பரீட்சை ஹால்ல ஒவ்வொரு கேள்விக்கும் இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு கண்ண மூடி நெனச்சுப் பார்த்தேன். அதுக்குக் கிட்டத்துல இருக்கற விடைய மொதல்ல அடிச்சுப்போட்டேன். மிச்சத்துல தேடுனேன். சுலபமாப் போச்சுங்க."

நான் அரிசி டின் மேல் உட்கார்ந்தேன். அப்படியென்றால் நான் தப்பாகச் சொல்கிறேன் என்று முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன்.

"தப்பாச் சொல்றீங்கன்னு மட்டுமாங்க? ஏன் சொல்றீங்கன்னும் தெரியும். வெளக்குக்காரனப் படிச்சாலும் சரி, திமிங்கலத்தப் படிச்சாலும் சரி, கடைசியில ஒருத்தர் தனியா உக்காந்துட்டு இருந்தாரே. அது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா?" துணியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது. "போகாதேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு ஆடியிலருந்து பாத்துட்டு இருந்தேன். சொல்லியிருந்தீங்கன்னா பேனாவத் தொட்டிருக்க மாட்டேன்."

வெளியே ஒரு ரயில் கூவிக்கொண்டு போயிற்று. எனக்கு ஞாபகம் தெரிந்து முதல் தடவையாக நான் அதன் கூடப் போகவில்லை. அங்கேயே, அந்த அரிசி டின் மேலேயே இருந்தேன். எங்கள் வம்சத்தில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தையை என் வாய் திறந்து சொன்னேன்.

"போகாத கண்ணு. எனக்குப் புடிக்கலே. உன்ன விட்டுப்போட்டு என்னால இருக்க முடியாது."

சொன்ன பிறகு உடம்பே லேசாகிவிட்டது. பொற்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து, என் தலைமுடியைக் கோதி ஒதுக்கிவிட்டாள். ஜெயித்தேன் என்று நினைத்தேன். பனியும் இல்லை, ஏரோப்ளேனும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் வயதாகி இதே சமையலறையில் இதே டின் மேல் உட்கார்ந்து காப்பி குடிப்பதுவரை மளமளவென்று கனவு ஓடிவிட்டது.

"நீங்க தனியா இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானுங்க, சபுராகிட்டச் சொல்லி உங்களுக்கும் அதே ஆஸ்பத்திரியில வேல கேட்டு வெச்சிருக்கேன். துணி வெளுக்கிற எடத்துல. தையில ரெண்டு பேருமாக் கெளம்பறோம்" என்றாள் பொற்கொடி. "இங்கிலீஷே தேவைப்படாத வேலையாப் பாத்துத்தானுங்க கேட்டேன்."