குதிரையைச் சுமந்த இறக்கத்துச் சாமி

தொப்பூர் இறக்கத்தில் லாரிக்காரர்கள் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த சாமிக்கு அவர்களைக் கற்பூரம் ஏற்ற வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பஞ்சர்க்காரர். இறக்கத்தின் பாதியில் என் இட்லிக் கடை. பக்கத்துக் கொட்டகை அவருடையது. பேர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு ஜப்பான்காரரின் கார் டயர் வெடித்து எங்கள் முன்னால் நின்றது. டயரை மாற்றிக் கொடுத்ததில் மனம் குளிர்ந்து, யாருக்கோ பரிசாகக் கொண்டுபோன படத்தை இவரிடம் நீட்டிவிட்டார். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றிய படமாம். செங்குத்தான நீல மலை. அதில் கவசம் போட்ட வீரன் ஒருவன் தன் குதிரையை முதுகில் சுமந்து இறங்குகிறான். குதிரையின் முன்கால்கள் அவன் தோளில், உப்புமூட்டை ஏறிய பிள்ளை மாதிரி.

"அந்தக் காலத்துச் சண்டைங்க. மத்தவங்கல்லாம் குதிரையை மலையில விரட்டுனாங்களாம். இவரு மட்டும் கால் ஒடிஞ்சிருமேன்னு தூக்கிக்கிட்டாராம்" என்றான் கார் டிரைவர்.

பஞ்சர்க்காரர் படத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகன் டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விட்டு இறங்கியவன், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் கீழ்வளைவு தாண்டவில்லை.

"அக்கா, இவரு நம்ம வேடியப்பனேதான்" என்றார்.

நடுகல்லில் நிற்கும் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் எங்களுடையது. கல்லில் நின்றால் சாமி, காகிதத்தில் நின்றால் இல்லையா? மறுநாளே கண்ணாடி போட்டு, மாலையும் போட்டாயிற்று.

சேலத்து டிரைவர் ஒருவன் குழம்பிப்போனான். "ஏனுங்ணா, சாமி குதிரை மேலல்ல இருக்கும்? இங்க குதிரை சாமி மேல இருக்குது!"

"மேட்டுல அவரு குதிரை மேல. இறக்கத்துல குதிரை அவரு மேல. கற்பூரத்தை ஏத்துடா. அணையறதுக்குள்ள வண்டியை எடுத்தே, சாமி குத்தமாயிரும்!" என்றார் பஞ்சர்க்காரர்.

கற்பூரமா அது? எலுமிச்சங்காய் பெரிசு. அது எரிந்து முடிவதற்குள் டிரைவர் என் கடையில் இட்லி தின்று, டீ குடித்து, கொட்டாவியும் விட்டுவிடுவான். இவர் சக்கரத்துக்குச் சக்கரம் போய்ப் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பஸ் பலகை வாசிக்கும் அளவுதான் எனக்குப் படிப்பு. ஆனாலும் கற்பூரம் சாமிக்கு இல்லை, பிரேக் ஆறுவதற்கு என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கியரில் இறங்கும் லாரி முனகும். நியூட்ரலில் வருவது சத்தமில்லாமல் வரும். டியூபுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தாலும் அந்தச் சத்தமில்லாமை அவர் காதில் விழுந்துவிடும். கடப்பாரையோடு ரோட்டுக்கே ஓடுவார். "கியரைப் போடுறா! வூட்ல சோறாக்கி வெச்சிருப்பாடா!"

மகன் போனபிறகு அவர் மட்டும் அந்த இறக்கத்தில் இறங்கியதே இல்லை. கீழே தங்கை மகளுக்குக் கல்யாணம். வேட்டி கட்டி, திருநீறு பூசி, ரோட்டோரம் நின்று அட்சதையைக் கீழ்நோக்கி வீசினார்.

"ஏந்தம்பி, அது போய்ச் சேருமா?" என்றேன்.

"காத்து கீழாக்கதான் அடிக்குதுக்கா" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாசியில் ஒருநாள் காலையில் கொட்டகை திறக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். கீழேயிருந்து சொந்தக்காரர்கள் வேன் கொண்டுவந்து அவரை ஏற்றினார்கள். நான் படத்தைக் கழற்றி எடுத்துப்போய் வேனுக்கு முன்னால் சாய்த்து வைத்து, டப்பாவில் இருந்ததிலேயே பெரிய கற்பூரத்தை ஏற்றினேன்.

"ஆயா, நேரமாகுதுங்க. கீழ சனம் காத்துக்கிட்டிருக்குது" என்றான் டிரைவர்.

"காத்திருக்கட்டும். இது அணையட்டும்."

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எஞ்சினை நிறுத்தினான். கற்பூரம் அணைந்தபிறகு, "கியர்லயே போறனுங்க ஆயா" என்றான், நான் கேட்காமலே.

வேன் முனகிக்கொண்டே இறங்கியது. கீழ்வளைவு தாண்டும்வரை அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுப்பில் இட்லி தீய்ந்த வாடை வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.