புகார் எண் இல்லாத ஜெபம்

வேலை நேரத்தில் வேலை பார்க்காதவர்களில் பல ரகம் உண்டு. செய்தித்தாளுக்குள் குடியிருப்பவர், தேநீர் குடிக்கப் போய்த் திரும்பாதவர், மேசைமேல் மூக்குக்கண்ணாடியை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டு ஆள் காணாமல் போகிறவர். இவர்களை மேலாளர் திட்டலாம். யாராலும் திட்ட முடியாத ரகம் ஒன்று இருக்கிறது; இன்று உங்களுக்கு நான் காட்டப்போவது அதைத்தான். அலுவலகமே தமது ஊழியக்களம் என்று கண்டுகொண்டவர் அவர். கண்டுகொண்ட நாள்முதல் அவருக்கு அலுவலக வேலைக்கு நேரம் கிடைப்பதில்லை.

நம் ஆள் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் புகார் மேசையில் இருக்கிறார். போனை எடுக்க வேண்டும், கட்டடத்தையும் கோளாறையும் பதிவேட்டில் எழுதி ஒரு எண் போட வேண்டும், அந்த எண்ணை மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். எண் இல்லாமல் எந்த மெக்கானிக்கும் கிளம்ப மாட்டார். சம்பளம் வந்தாலும் ஸ்தோத்திரம், பிரிண்டரில் தாள் சிக்கினாலும் ஸ்தோத்திரம் என்பதால் ஆபீஸில் அவருக்கு ஸ்தோத்திரம் சார் என்றே பெயர். கம்ப்யூட்டரைச் சுற்றிலும் வசனம் ஒட்டி, நடுவில் மீந்த இடத்தில் திரை தெரியும். காலையில் வந்ததும் நாற்காலிக்கு ஒரு ஜெபம், போனுக்கு ஒரு ஜெபம், மேலாளரின் இருதயம் இளகும்படி தனியாக ஒரு ஜெபம். அதற்குள் போன் எட்டு முறை அடித்து ஓய்ந்திருக்கும். "ஜெபிக்க உக்காந்தா போதும், சாத்தான் எப்படித் தொந்தரவு பண்றான் பாத்தீங்களா?" என்பார்.

ஆனால் அவர் வேஷக்காரர் இல்லை. 'நான் பிறந்தது லிஃப்ட் புகார் எழுதவா?' என்று பத்து வருஷம் உள்ளுக்குள் புழுங்கியவர். ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், "நீங்கள் செய்கிற வேலையே உங்கள் ஊழியம்" என்றபோது தேம்பி அழுதுவிட்டார். பிரசங்கியார் சொன்னது சரிதான். நம் ஆள் ஊழியத்தை வீட்டுக்கு எடுத்து வந்தார், வேலையைக் கூட்டத்திலேயே விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பள்ளிக்கூட டீச்சர் போன் செய்தாள்.

"சார், எங்க லிஃப்ட் ஓடல. நாங்க ஆறாவது மாடி. அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு தடவை டயாலிசிஸ். நாளைக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. அவங்களால ஒரு படிகூட இறங்க முடியாது."

"கவலைப்படாதீங்கம்மா. அம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தி ரெண்டு. மெக்கானிக் எப்ப..."

"கண்ணை மூடிக்கோங்கம்மா."

மூடினாள். அம்மாவும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒன்பது நிமிடம் ஜெபம். தாயாரின் சிறுநீரகம், முழங்கால், ரத்த அழுத்தம், மகளின் எதிர்காலம், ஆறு மாடியிலும் குடியிருக்கிற அத்தனை குடும்பங்கள் என்று ஒன்று விடாமல் ஒப்புக்கொடுத்தார். அவர் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. இப்படி உருகுகிற மனிதர் ஆள் அனுப்பாமலா இருப்பார் என்று அவளும் ஆமென் சொன்னாள். ஸ்தோத்திரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை இழுத்து எழுதினார்: 'ஆறாம் மாடித் தாயார். சுகமாய் இறங்கி ஏற வேண்டும்.' எழுதியது அவருடைய ஜெபக் குறிப்பு நோட்டில். பக்கத்திலேயே கிடந்த புகார்ப் பதிவேட்டில் ஓர் எழுத்தும் விழவில்லை.

செவ்வாயன்று அந்த அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் நூற்றிருபது படி இறக்கினார்கள். சாயங்காலம் அதே நூற்றிருபது படி ஏற்றினார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கை. மற்ற மூவரும் அதற்குப் பிறகு அவள் கண்ணில் படவில்லை. ஸ்தோத்திரம் சார் அன்று மதியம் அந்தத் தாயாருக்காக உபவாசம் இருந்தார். கேலி செய்யாதீர்கள், பசி நிஜமான பசி. புதனும் வியாழனும் டீச்சர் போன் செய்தபோது யாரும் எடுக்கவில்லை. ஜெப நேரம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவளுக்கு லைன் கிடைத்தது.

"அம்மா எப்படி இருக்காங்க? அஞ்சு நாளா அவங்களை ஜெபத்துல தாங்கிட்டு இருக்கேன்!"

"நாலு பேர் நாற்காலியில தாங்கினாங்க சார். இன்னிக்குத் தூக்க ஆளில்ல. பதினொண்ணரைக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க புகார் எண் என்ன?"

பதிவேட்டில் திங்கட்கிழமையைப் புரட்டினார். செவ்வாயைப் புரட்டினார். மறுபடியும் திங்கட்கிழமையைப் புரட்டினார். பிறகு இன்னொரு நோட்டைப் பார்த்தார். ஐந்து நாளாகத் தான் அழுதது யாருக்காகவோ, அந்த உயிர் போனால் அது தன் கையால் போனதாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை. பதிவேட்டை இழுத்து ஓர் எண் போட்டு எழுதினார்.

ஆபீஸில் மிச்சமிருந்த ஒரே மெக்கானிக் அவருடைய சபைக்காரர். பிரசங்கம் ஆரம்பித்ததும் கடைசி வரிசையில் தூங்கிவிடுகிறவர். அவருடைய ரட்சிப்புக்காக நம் ஆள் இரண்டு வருஷமாக ஜெபித்து வருகிறார். கூடப் போகும் உதவியாள் லீவு.

"பையைத் தூக்கிட்டு நீங்க வாங்க சார்," என்றார் மெக்கானிக்.

மூன்றாவது மாடியில் ஸ்தோத்திரம் சாருக்கு மூச்சு இரைத்தது. "ஐயோ, ஆண்டவரே!" என்றார். வாழ்நாளில் அவர் செய்த மிகச் சின்ன ஜெபம் அதுதான். ஆறாவது மாடியில் மெக்கானிக் லிஃப்ட் கதவின் பூட்டைக் கழற்றிக்கொண்டே டார்ச்சைக் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் வெளிச்சம் பூட்டின்மேல் இருந்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து சுவரில் ஏறி, கூரையில் போய் நின்றது.

"சார்."

"ம்?"

"கண்ணைத் திறந்துட்டுப் பிடிங்க சார்."

பூட்டுக்குள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகடு கருகியிருந்தது. அதை மாற்ற இருபது நிமிடம் ஆனது.

லிஃப்ட் வந்து நின்றது. மகள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பாத்தும்மா" என்ற ஸ்தோத்திரம் சாரின் குரலைக் கேட்டதும் தாயார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா தம்பி போன்ல ஜெபம் பண்ணினது?"

"ஆமாம்மா."

"ரொம்ப நல்லா பண்ணுனீங்க. அன்னிக்கு என்னைச் சாய்ச்சுச் சாய்ச்சு இறக்கினாங்கல்ல, விழுந்துருவேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு, அந்த ஜெபத்தையேதான் நெனச்சுட்டு இருந்தேன்."

மனசாரத்தான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நம் ஆளுக்கு. கதவு மூடி லிஃப்ட் இறங்கியது. பதினொன்றேகாலுக்கு அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதோடு திருந்திவிட்டார் என்று நான் முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல முதல் ஆளாக எழுந்தார். ஐந்து நாள் பாரத்தோடு போராடி ஜெபித்ததையும், அசையாமல் நின்ற லிஃப்ட் அசைந்ததையும் கைதட்டலுக்கு நடுவே விவரித்தார். புகாரை எழுதாமல் விட்டதை மட்டும், நேரம் கருதி, சுருக்கிக்கொண்டார். கடைசி வரிசையில் மெக்கானிக் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அந்தச் சபைக்காரர் இல்லை. ஜெபிக்கிற வழக்கமே இல்லாத, போனில் கைகூப்பிய படம் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்கிறவராகக்கூட இருக்கலாம். போன வாரம் ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் சொன்னாரே, கேட்டு நெஞ்சு கனத்து, "உங்க நெனப்பாவேதான் இருக்கேன்" என்று பதில்கூடப் போட்டீர்களே. அவர் உங்களிடம் கேட்டது ஒரு டாக்டரின் போன் நம்பர். அனுப்பிவிட்டீர்களா?