சோடா உடையாத காற்று

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது.

மகா மரியாதைக்குரிய மாப்பிள்ளை அழகர் அவர்களுக்கு, மாமனார் சுடலைமுத்து சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நானும் என் மகள் பேச்சியும் உங்கள் பிக்கப் வண்டியும் இங்கே சுகம். கோயம்புத்தூரில் உங்கள் சுகத்தையும் உங்கள் தாயாரின் சுகத்தையும் அறிய ஆவல்.

இதை நான் சொல்லி வேறு யாரும் எழுதவில்லை. எல்லா எழுத்தும் பேச்சி கற்றுக்கொடுத்தது. கணக்கில் கூட்டல் முடிந்தது, கழித்தல் பாக்கி. மில்லில் வேலை கிடைத்தால் வண்டியையும் பேச்சியையும் அங்கேயே கொண்டுபோவதாகச் சொன்னீர்கள். உங்கள் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வண்டிக்கு இங்கேயே தினசரி ஓட்டம் கிடைத்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னீர்கள் அல்லவா? அதனால் சோடாக் கம்பெனி வெங்கிட்டு சாமியிடம் பேசினேன். "பாலம் தாண்டி பிராட்வே கடைகளுக்கு ஒரு லோடு உடையாம கொண்டு எறக்கும் ஓய். அப்புறம் தினம் உம்ம வண்டிதான்" என்றார்.

நீங்கள் போகும்போது காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் டயரைச் சுற்றி உட்கார்ந்து படித்தேன். 16 என்று தெளிவாக இருந்தது. ஓட்ட வந்த ராஜன், "மாமா, அது சக்கரத்தோட அளவு, காத்தோட அளவில்ல" என்றான். எழுதியிருக்கிறதைவிட உனக்குத் தெரியுமாடா என்று அதட்டிப் பதினாறே வைத்தேன், சோடாப் பெட்டிகளை ஏற்றினோம், சாமி முன்னால் ஏறினார், நான் பின்னால் பெட்டிகளோடு ஏறினேன், டயர் நாலும் தோசை மாவு மாதிரி பரவிவிட்டது, ராஜன் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல் வேர்த்துக் கொட்டுகிறான், தோப்பும்படிக்கு வருமுன் ஒரு சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு, யார் செத்தது என்று கேட்டான். பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். "சேட்டா, எத்ர காற்று வேணும்?" என்று பையன் கேட்டான். பட்டதெல்லாம் போதும், நிறைய அடி என்றேன். அடித்தான் மாப்பிள்ளை! டயர் கருங்கல் ஆகிவிட்டது. அப்புறம் வண்டி ஓடவில்லை, குதித்தது. பாலத்துக்கு முன்னால் டப் என்று சத்தம். டயர் போச்சு என்று ராஜன் இறங்கிப் பார்த்தால் நாலும் நல்லாயிருக்கு. கொஞ்ச தூரத்தில் மறுபடி டப். மறுபடி இறங்கினான். அடுத்த டப் என் மடியிலேயே ஆனபோதுதான் உடைகிறது சோடா என்று தெரிந்தது. "எனக்கு சோடா வேணும் ஓய், வெடிக்கட்டு வேண்டாம்! எல்லாத்தையும் எறக்கும்!" என்று சாமி கத்தினார். கத்தியதில் தொண்டை வறண்டு ஒரு சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலை என் பக்கம் நீட்டினார்.

அங்கேதான் மாப்பிள்ளை, எனக்குப் புத்தி வந்தது. வண்டி நகர்ந்ததும் அந்தப் பாட்டிலுக்குள் கோலி கிடுகிடு என்று ஆடியது. நிறுத்தச் சொல்லிக் கொஞ்சம் காற்றை இறக்கினேன். கோலி ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். முன் சக்கரத்தில் நிறைய, பாரம் உள்ள பின் சக்கரத்தில் குறைவாக இறக்கிக்கொண்டே வந்தோம். நான் பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வழியில் பார்த்தவர்கள் எனக்குக் காது வலி என்று நினைத்திருப்பார்கள். கோலி அடங்கியது, டயரும் பரவவில்லை. பிராட்வே வரை அப்புறம் ஒன்றும் உடையவில்லை. "உடைஞ்சது உடைஞ்சதுதான், நாளைக்கும் வாரும்" என்றார் சாமி. மறுநாள் காலை, டயர் சூடாகுமுன் பங்கில் அளந்தோம். முன்னால் 26, பின்னால் 34. பெரிதாக எழுதியிருக்கிறேன், பாருங்கள். இதை யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம். ஓட்டம் தினமும் உண்டு. மேற்கொண்டு உங்கள் விருப்பம்.

உங்களையும் வண்டியையும் சுடலைமாடன் காக்கட்டும். தாயாருக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
சுடலைமுத்து (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: நான் மெதுவாக எழுதுகிறவன். இதை முடிப்பதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. நானே படித்தேன். மில் வேலை நிச்சயமாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து வண்டியையும் பேச்சியையும் கொண்டுபோகிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. மிகவும் சந்தோஷம். அதனால் மேலே சொன்ன 26, 34 இரண்டையும் மறந்துவிடுங்கள். நாலு டயரிலும் இப்போது காற்றே இல்லை. எப்படி இறங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. வால்வுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன, இரண்டு என் சட்டைப் பையில், இரண்டு பேச்சியின் முந்தானை முடிச்சில்.