போதகரம்மா வந்த ஞாயிறும் என் முதுகும்

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்லலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்மானம் நிறைவேற்றினேன். அதை முதுகை வைத்துச் சொல்வது என்றும் முடிவாயிற்று. காய்ச்சல் என்றால் என் மனைவி தூரா தெர்மாமீட்டரோடு வந்துவிடுவாள். முதுகுவலியை அளக்க இன்னும் எவனும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

காரணம் இதுதான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஹேண்ட்பால் இறுதிப் போட்டி. எதிரில் ஸ்வீடன்காரர்கள். டென்மார்க்கில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே ஞாயிறு, அதே இரண்டு மணிக்கு, எங்கள் சபைக் கூடத்தில் புதுப் போதகர் சிஸெல் அம்மாவுக்கும் குடும்பத்துக்கும் வரவேற்பு.

வரவேற்பு என்றால் கையைக் குலுக்கிவிட்டுத் திரும்பி வருவது என்று நினைக்காதீர்கள். எங்கள் தென் யூட்லாந்தில் அதற்குக் காபி மேஜை போட வேண்டும். மெத்தென்று ஏழு வகை கேக், மொறுமொறுவென்று ஏழு வகை பிஸ்கட். பதினாலையும் தின்றாக வேண்டும். ஒன்றை விட்டால், அதைச் சுட்ட அம்மாள் அடுத்த போதகர் வரும்வரை நம்மோடு பேசமாட்டார். போன தடவை சபைத் தலைவர் வரவேற்புரையை முடிப்பதற்குள் காபி மூன்று முறை ஆறிப்போனது. பிறகு தலைவரே எழுதிய வரவேற்புப் பாட்டு, பதினெட்டுச் சரணம். அந்தப் போதகர் எட்டே வருஷத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வந்த களைப்பு தீரவேயில்லை என்பது என் கருத்து.

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். தூரா தன் பங்குக் கேக்கில் மாவுக்குப் பதில் போட, கறுப்பு ரை ரொட்டியைத் துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“ஐயோ... அம்மா...”

“என்ன ஆச்சு பிரெபன்?”

“முதுகு. பிடிச்சுக்கிச்சு.”

“எங்க?”

“முதுகுலதான்.”

“முதுகுல எங்கன்னு கேட்டேன்.”

“எல்லா இடத்துலயும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை கூடத்துல மேஜை எல்லாம் நீதானே தூக்கணும்?”

“அதை நெனச்சாதான் துக்கம் தொண்டையை அடைக்குது. போதகரம்மா வர்ற முதல் நாள். நான் இல்லாம...”

“பாவம் நீ.”

“நீயும் குழந்தையும் போய்ட்டு வாங்க. நான் தனியா படுத்துக்கிட்டு அவங்களுக்காக ஜெபம் பண்றேன்.”

“தனியாவா? சேச்சே!”

அந்தச் சேச்சேயைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு ஒன்றரை மணி. பீர் ஜன்னலுக்கு வெளியே பனியில் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் சோபாவில், டிவியைப் பார்த்தபடி, உருக்கமாக முனகிக்கொண்டிருந்தேன். தூரா கேக்கோடும் எங்கள் நாலு வயசு ஆஸ்தாவோடும் கிளம்பினாள். அவள் கதவைத் திறக்க, பக்கத்து வீட்டு குட்ருன் அம்மாள் உள்ளே வந்தார். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஹேண்ட்பாலோ, வளர்ந்த ஆம்பளைகளுக்கு வெட்கக்கேடு என்பவர். கையில் பின்னல் ஊசி.

“சோபாவுலயா படுத்திருக்க? எழுந்திரு. தரையில படு.”

“தரையிலயா?”

“பலகைத் தரைதான் முதுகுக்கு மருந்து. காலைத் தூக்கி நாற்காலி மேல வை. டிவி கூடாது.”

“டிவி முதுகை என்னம்மா பண்ணும்?”

“கழுத்தைத் திருப்புவ. கழுத்து எங்கிருந்து முளைச்சிருக்கு? முதுகுலேர்ந்துதானே?”

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“தூரா! என் போன் எங்க?”

“எங்கிட்ட இருக்கு. ஆபீஸ்லேர்ந்து யாராவது கூப்பிட்டு உன்னைத் தொந்தரவு பண்ணிட்டா?”

ஞாயிற்றுக்கிழமை!

மணி இரண்டு. நான் கூரைப் பலகைகளை எண்ணினேன். குட்ருன் பின்னலை எண்ணினார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு வீடு தள்ளியிருந்த சபைக் கூடத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

“என்ன சத்தம்?”

“உங்க சபைதான்.”

“எங்க சபையா? ஈஸ்டருக்கே இவ்வளவு சத்தம் வராதே!”

“கேக் நல்லா இருக்கும்.”

இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கூச்சல். தரையை மிதிக்கிற சத்தம். நடுவில் மொத்தக் கூடமும் சேர்ந்து “ஊ...” என்று ஒரு நீளமான புலம்பல்.

“பாட்டு அவ்வளவு மோசமா?” என்றேன்.

“தலைவர் எழுதினதுதானே?”

மூன்றரை மணிக்கு வந்த கூச்சலில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு போதகரைப் பார்த்து இந்த ஊர் இவ்வளவு சந்தோஷப்படுமா என்று எனக்கே கொஞ்சம் பக்தி வந்துவிட்டது.

கதவு திறந்தது. முதலில் ஆஸ்தா ஓடிவந்தாள். இரண்டு கன்னத்திலும் நம் கொடி வரைந்திருந்தது.

“அப்பா! நாம ஜெயிச்சுட்டோம்! ஒரே ஒரு கோல்ல!”

பின்னாலேயே தூரா, ஒரு தட்டு நிறையக் கேக், போதகரம்மா, அவர் கணவர் லாவ்ரிட்ஸ், இரண்டு பிள்ளைகள். எல்லார் கன்னத்திலும் கொடி.

“மன்னிச்சுக்கங்க, கத்திக் கத்தித் தொண்டை போச்சு,” என்றார் போதகரம்மா கரகரவென்று. “நான் பன்னெண்டு வருஷம் கோல் கீப்பரா நின்னவ. இந்த மேட்ச்சை விட்டுட்டு எனக்கு வரவேற்பே வேணாம்னுட்டேன். கூடத்துல பெரிய திரை கட்டிட்டாங்க. உங்க தலைவர் இடைவேளையில நாலே நிமிஷத்துல பேசி முடிச்சுட்டார்.”

நான் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

“அட, எழுந்துட்டாரே!” என்றார் லாவ்ரிட்ஸ்.

“படு!” என்றார் குட்ருன். படுத்தேன். “க்ரீம் முதுகுக்கு ஆகாது” என்று கேக் தட்டையும் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

போகும்போது போதகரம்மா என் கையைப் பிடித்தார். “அடுத்த ஞாயிறு ஆராதனையில முதல் ஜெபமே உங்க முதுகுக்குத்தான்.”

எல்லாரும் போன பிறகு, தரையிலிருந்தபடியே கேட்டேன்.

“தூரா, திரை கட்டப் போறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“வியாழக்கிழமையே தெரியுமே.”

“அப்ப வெள்ளிக்கிழமை ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ ‘ஐயோ அம்மா’ன்னு வந்து நின்ன. எழுந்து நடக்க முடியாத மனுஷன்கிட்ட ஆசை காட்டலாமா, நீயே சொல்லு?”